கைதட்டலில் உலை கொதிக்காது

2020 மார்ச் 22, மாலை 5 மணி. பிரதமர் கேட்டுக்கொண்டபடி மாடியிலும் வாசலிலும் நின்று மக்கள் கைதட்டினார்கள். தட்டும் மணியும் அடித்தார்கள். இரண்டு நாள் கழித்து, வெறும் நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வெளியே வந்தால் நோய் வரும், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது. தெருக்களைப் பெருக்குகிற, குப்பை அள்ளுகிற, சாக்கடை அடைப்பை எடுக்கிற மக்களுக்கு மட்டும் நீங்கள் வெளியே வந்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டது. காரணம், அவர்கள் ‘அத்தியாவசியப் பணியாளர்கள்’.

அதே 2020இல்தான் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பல ஊர்களில் அவர்களுக்கு மாலை போட்டார்கள், பூத்தூவினார்கள், பாதபூஜைகூடச் செய்தார்கள். தொற்றுக்கு ஒரு வருடம் முன்பே, 2019 பிப்ரவரியில், கும்பமேளாவில் தூய்மைப் பணியாளர்களின் கால்களைக் கழுவி வழிகாட்டியவர் நம் பிரதமர். காலைக் கழுவியவர்கள், கைக்கு உறை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மாதச் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பார்ப்போம். 2021 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தபோது, சென்னை மாநகராட்சியில் தொற்றுக் காலம் முழுக்க உழைத்த நூற்றுக்கணக்கான ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இனி வர வேண்டாம் என்று அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வேலை செய்த மண்டலங்கள் தனியாருக்குப் போயிருந்தன. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போக, 5, 6 ஆகிய அந்த இரண்டு மண்டலங்களின் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்குகிற நாங்கள் தனியாரிடம் போனால் 16,000, 17,000 ரூபாய்க்கு இறங்கிவிடுவோம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 13 நாட்கள் போராடினார்கள். பாதையை மறித்துப் போராடக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்ன அன்றிரவே, நள்ளிரவில், காவல்துறை அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு இலவசக் காலை உணவு, 10 லட்ச ரூபாய் காப்பீடு, வீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று திட்டங்களை அறிவித்தது.

சாப்பாடும் காப்பீடும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும் குறையாத சம்பளமும். கேட்டதைத் தவிர மற்ற எல்லாம் அறிவிக்கப்பட்டது. 2020இல் கைதட்டல், 2025இல் காலைச் சிற்றுண்டி. ஆட்சி மாறியது, கட்சி மாறியது, இது மட்டும் மாறவில்லை. ஏன்?

பொருளாதாரப் பாடநூலில் இதற்கு விடை கிடைக்காது. அந்தப் பாடத்தின்படி, எல்லோருக்கும் தேவையான, யாரும் செய்ய முன்வராத, உயிருக்கு ஆபத்தான வேலைக்குக் கூலி உயர வேண்டும். தொற்றுக் காலத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவந்தன. கூலி உயரவில்லை. இந்தியாவில் ஒரு வேலைக்கான கூலியை அந்த வேலையின் மதிப்பு தீர்மானிப்பதில்லை. அதைச் செய்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது தீர்மானிக்கிறது. இவர்கள் எப்படியும் வருவார்கள், இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று முதலாளிக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். அந்தப் போக்கிடத்தை அடைத்து வைத்திருப்பது சாதி.

‘அத்தியாவசியம்’ என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, துப்புரவுத் தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம்தான் நகராட்சி நிர்வாகத்தை ஆட்டிப்படைத்தது. அதற்கு முன்பே, 1890இல், அவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போனால் தண்டிக்கும் சட்டத்தை பம்பாய் மாகாணம் இயற்றிவிட்டது. மற்ற வேலையாள் நின்றால் அது முதலாளிக்கு நட்டம், துப்புரவுத் தொழிலாளி நின்றால் அது குற்றம். 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தொற்றுக்கு நடுவே வேலை செய்கிறவரின் கூலியைப் பற்றியோ பாதுகாப்பைப் பற்றியோ அதில் ஒரு சொல் கிடையாது. 2020இல் நம்மை ஆண்டதும் அந்தச் சட்டம்தான். அவ்வாண்டு ஏப்ரலில் அதற்கு அவசரத் திருத்தம் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டனை என்றது. நல்லது. கூலி அப்போதும் அதற்குள் வரவில்லை.

ஆக, இந்த மக்களைப் பொறுத்தவரை ‘அத்தியாவசியம்’ என்பதற்கு அரசு அகராதியில் எப்போதும் ஒரே பொருள்தான்: நீ நிற்கக் கூடாது. வேலை அத்தியாவசியம், ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இதன் விலையைக் குடும்பங்கள் கொடுத்தன. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். நகரத்தின் நடுவில் குடிசை போட்டிருந்தவர்களைப் பிடுங்கி, நகரத்துக்கு வெளியே ஒற்றை அறை வீடுகளில் அடுக்கிவைத்த இடங்கள் அவை. அந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்க அதே மக்கள் விடியும் முன்பே கிளம்பி வர வேண்டும். ஊரடங்கில் வழக்கமான பேருந்துகள் நின்றன. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையைத் தனியாக மஞ்சள் பையில் கட்டித் தர வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டியது. பயன்படுத்திய முகக்கவசம் வாழைப்பழத் தோலோடு சேர்ந்துதான் பல வீடுகளிலிருந்து வந்தது. அதைக் கையால் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிற அம்மா, ஒற்றை அறையில் எந்த மூலையில் ‘தனிமைப்படுத்திக்கொள்வார்’? மாமியார் பக்கத்தில் படுத்திருப்பார், குழந்தை மடியில் ஏறும்.

அந்தக் குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். பள்ளி போனதோடு சூடான சத்துணவும் போனது. பாடம் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. வீட்டிலிருந்து வேலை பார்த்த அப்பா அம்மாக்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இணைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அவர்கள் வீட்டுக்குள் பத்திரமாக இருப்பதற்காகத் தெருவில் நின்ற பெண்ணின் பிள்ளை, ஒரே கைபேசியை அம்மா வேலைக்கு எடுத்துப்போக, தனியாக இருந்தது. இரண்டு குடும்பமும் ஒரே தொற்றைத்தான் சந்தித்தன. ஒரு குடும்பம் அதைக் கடந்து வந்தது. இன்னொரு குடும்பத்தில் ஒரு தலைமுறையின் படிப்பு அறுந்தது. படிப்பு அறுந்த பிள்ளை பிறகு எந்த வேலைக்குப் போகும் என்பதைச் சாதி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.

இது தூய்மைப் பணியாளர்களோடு நிற்கவில்லை. தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடித்துவைக்கப்பட்டது. வீடு வீடாகப் போன ஆஷா பணியாளர்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. அவர்கள் இன்னும் அரசுக் கணக்கில் ‘தன்னார்வலர்கள்’. அவர்கள் பெறுவது ‘ஊக்கத்தொகை’. சம்பளம் என்ற சொல்லே அங்கே இல்லை. பெண்ணின் உழைப்பைச் சேவை என்பதும், தலித்தின் உழைப்பைப் புனிதம் என்பதும் ஒரே கணக்குத்தான். சேவைக்கும் புனிதத்துக்கும் சம்பளப் பட்டியல் போட வேண்டியதில்லை அல்லவா?

கூலி கேட்டவுடன் வருகிற முதல் பதில், அரசிடம் பணம் இல்லை என்பது. தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவதும் மக்களின் வரிப்பணம்தானே? அந்த நிறுவனம் அதில் லாபமும் எடுத்தாக வேண்டும். தொழிலாளியின் கூலியிலிருந்து எடுக்காமல் வேறு எங்கிருந்து எடுக்கும்? இது சிக்கனம் ஆகாது. பெண்ணின் பையிலிருந்து எடுத்து நிறுவனத்தின் பையில் போடும் வேலை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. 2022இல் வந்த அரசாணை 152, சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் இத்தகைய பணிகளை வெளிமுகமைக்குத் தள்ளுகிறது. வெளிமுகமையில் இடஒதுக்கீடு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. சமூகநீதி பேசும் மாநிலத்தில் சமூகநீதி நுழைய முடியாத வேலைகள் பெருகிக்கொண்டே போகின்றன.

இரண்டாவது கேள்வி நம் பக்கத்திலிருந்தே வருகிறது, அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். குப்பை அள்ளுகிறவர்களுக்கு அதே வேலையை நிரந்தரமாக்கினால், அவர்களைக் காலத்துக்கும் குப்பையிலேயே கட்டிப்போட்டதாகாதா என்று 2025 ஆகஸ்டில் தொல். திருமாவளவன் கேட்டார். சாதித் தொழிலை ஒழிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதிலிருந்து வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது? நிரந்தரப் பணியில் இருந்த தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் பலர்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வெளியே வந்தார்கள். மாதாமாதம் உறுதியான சம்பளமும், நோய் வந்தால் விடுப்பும், முதுமையில் ஓய்வூதியமும் இருந்தால்தான் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியும். 16,000 ரூபாய்க்கு, எப்போது போகும் என்று தெரியாத வேலையில் இருக்கிறவரின் பிள்ளை, பதினெட்டு வயதில் அம்மாவோடு வண்டி தள்ளவே வரும். குறைந்த கூலிதான் சாதித் தொழிலைப் பரம்பரையாக்குகிறது.

கோவையில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தபோது சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் அதில் இருந்தார்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய்தான். வேலையில்லாத் திண்டாட்டத்தின் சாட்சி என்று அப்போது எல்லோரும் பேசினோம். அது இன்னொன்றையும் சொன்னது: வேலைக்கு உறுதியும் ஊதியமும் வந்தால் அது ஒரு சாதியின் தலையெழுத்தாக இருப்பதில்லை, மற்றவர்களும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். கூலி உயர்ந்தால் இயந்திரமும் வரும். மனிதக் கை மலிவாகக் கிடைக்கும் வரை எந்த நகராட்சி இயந்திரம் வாங்கும்?

நாம் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த அம்பேத்கர் 1946இல் முன்வைத்த மசோதாதான் 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமானது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் நிரந்தரப் பணியாளருக்கும் ஒரே ஊதியம் என்று 2016இல் சொன்னது. தொழில் நிறுவனங்களில் 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு தனியார் ஆலை முதலாளிக்குப் பொருந்தும் நியாயம், மாநகராட்சிக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் மாணவர்கள், அல்லது முதல் வேலையில் இருப்பவர்கள். தொற்றுக் காலத்தில் பூட்டிய அறைக்குள் இருந்து படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள். உங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அக்கா யாரிடம் சம்பளம் வாங்குகிறார், எவ்வளவு வாங்குகிறார், வருங்கால வைப்பு நிதி கணக்கில் ஏறுகிறதா, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்தால் கூலி பிடிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் கல்லூரியை, அலுவலகத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் எந்த ஒப்பந்ததாரரின் கீழ் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் தெருவில் உட்காரும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அடுத்த தொற்று வரும். அப்போதும் அவர்களை அத்தியாவசியம் என்பார்கள், மறுபடியும் மாலை வாங்குவார்கள். அதற்குள் அந்த மாலையின் இடத்தில் ஒரு பணி நியமன ஆணை இருக்க வேண்டும்.