மரஞ்சீவிய வெட்டிலும் கணிதம் உண்டு!

தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, படிவம் 2இல் 'கெச்செருனான்' என்ற சொல்லைச் சந்திக்கிறது. டிஎல்பி வகுப்பு என்றால் 'கிரேடியன்ட்'. இரண்டும் நேர்க்கோட்டின் சாய்வைத்தான் குறிக்கின்றன. சொல்லும் புதிது, சூத்திரமும் புதிது. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்து ஒப்பேற்றும் பிள்ளைகள் பலர்.

இது ஓர் அத்தியாயத்தோடு முடிவதில்லை. படிவம் 3இல் நேர்க்கோட்டுச் சமன்பாடு, படிவம் 4இல் வேக வரைபடம், கூடுதல் கணிதத்தில் நுண்கணிதம் எல்லாம் சாய்வை நம்பியே நிற்கின்றன. யு.பி.எஸ்.ஆர். 2021இலும், பிடி3 2022இலும் அகற்றப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பெற்றோருக்குக் காட்டிய அடையாளமும் போய்விட்டது. எஸ்.பி.எம். நெருங்கும்போது தெரிய வந்தால் காலம் கடந்துவிடும்.

சாய்வு என்பது ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுப்பது, அவ்வளவுதான். அளவு நாடாவோடு மாணவர்களைப் பள்ளிப் படிக்கட்டுக்கு அனுப்பலாம். படியின் உயரம் 15 செ.மீ., அகலம் 30 செ.மீ. என்றால் சாய்வு 0.5. சக்கர நாற்காலிப் பாதையில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்றால் சாய்வு ஏறத்தாழ 0.08. எது கடினம் என்பதைக் கால்களே சொல்லும். பத்துமலையின் 272 படிகளுக்கு இடையே நாம் மூச்சு வாங்கும் சமதளத்தில் சாய்வு சுழியம்.

பிள்ளைகளை அதிகம் குழப்புவது எதிர்மறைச் சாய்வு. அதற்குப் பாடம் தோட்டத்திலேயே இருக்கிறது. ரப்பர் மரத்தின் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால்நாளங்கள் சற்றுச் சாய்ந்து செல்வதால், அப்படி வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். ஒட்டுமரத்தில் வெட்டு ஏறத்தாழ 30 பாகை. அதாவது, சாய்வு -0.58. பால் டின்னில் தாளைச் சுற்றி அந்த வெட்டை வரையச் சொல்லுங்கள். தாளை விரித்தால் இடமிருந்து வலம் இறங்கும் நேர்க்கோடு தெரியும்.

இதற்கு மானியம் தேவையில்லை. ஒரு நாடா, ஒரு டின், ஒரு பாடவேளை போதும். ஆறாம் ஆண்டிலேயே தமிழில் விளையாட்டாகத் தொடங்கினால், படிவம் 2இல் புதிதாக இருப்பது சொல் மட்டுமே. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை முன்னெடுக்கலாம். தாத்தா பாட்டியின் கைக்குப் பழகிய சாய்வு, பேரப்பிள்ளைக்குப் பயமாக இருக்க வேண்டியதில்லை.