ஜிஹாத்தும் ‘புனிதப் போரும்’: பத்திரிகைத் தமிழ் இழைத்த அநீதி

எமது பத்திரிகை உலகில் ஒரு வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றது. ‘ஜிஹாத்’ என்ற சொல் செய்தியில் வந்துவிட்டால் போதும். அருகிலேயே அடைப்புக்குறிக்குள் ‘புனிதப் போர்’ என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் பிரதிகளில் இருந்ததை இரவுப் பணியிலிருந்த உப ஆசிரியர்கள் தமிழாக்கினார்கள். அடுத்த தலைமுறையினர் அதனையே அகராதிப் பொருளாக நம்பிக்கொண்டார்கள். அரபு மொழி அறிந்த எவரிடமாவது கேட்போம் என்ற எண்ணம் மிகச் சிலருக்கே எழுந்தது.

அரபு மொழியின் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேர்களிலிருந்து பிறப்பவை. ஜிஹாத்தின் வேர் ஜீம், ஹா, தால் ஆகியன. 10ஆம் நூற்றாண்டின் மொழியியலாளர் இப்னு ஃபாரிஸ் இவ்வேரின் அடிப்படைப் பொருள் ‘சிரமம்’ என்கின்றார். ‘ஜுஹ்த்’ என்றால் ஒருவர் தம்மால் இயன்ற மட்டும் செய்யும் முயற்சி. ‘மஜ்ஹூத்’ என்பதும் முயற்சியே. ‘இஜ்ஹாத்’ என்றால் களைத்துச் சோரும் நிலை. இன்றைய அரபுப் பாடநூல்களில் மின்னழுத்தத்தைக் குறிப்பதும் இதே வேரில் பிறந்த சொல்தான். அரபு ஆசிரியர் ஒருவர் தமது மாணவனை ‘முஜ்தஹித்’ என்று பாராட்டினால், அவன் விடாமுயற்சியோடு படிக்கின்றான் என்பதே பொருள். அவன் துப்பாக்கி தூக்கியிருக்கின்றான் என்பதல்ல!

இவ்வேர் ‘ஜாஹத’ என்ற வடிவத்தை எடுக்கும்போது எதிரே மற்றொரு தரப்பு தோன்றுகின்றது. ‘கதப’ என்றால் எழுதினான். ‘காதப’ என்றால் இன்னொருவரோடு கடிதத் தொடர்பு கொண்டான். அவ்வாறே ‘ஜாஹத’ என்றால் ஓர் எதிர்ப்பை முகங்கொடுத்து முயன்றான் என்பது பொருள். அந்த எதிர்ப்பு படையாக இருக்கலாம், வறுமையாக இருக்கலாம், சொந்த மனத்தின் ஆசையாகவும் இருக்கலாம். ஆயுதம் ஏந்திச் சண்டையிடுவதற்குக் ‘கிதால்’ என்றும் போருக்கு ‘ஹர்ப்’ என்றும் அரபியில் தனிச் சொற்கள் உள்ளன. ‘புனிதமான ஹர்ப்’ என்ற தொடர் குர்ஆனில் எங்குமே இல்லை.

குர்ஆனின் 25ஆவது அத்தியாயத்தின் 52ஆவது வசனம் மக்காவில், போரிடுவதற்கு அனுமதியே அளிக்கப்படாத காலத்தில் அருளப்பட்டது. அங்கு ஆணையிடப்படும் பெரும் ஜிஹாத், வேத வசனங்களைக் கொண்டு செய்யப்படுவது என்பதே பெரும்பாலான விரிவுரையாளரின் கருத்து. 29ஆவது அத்தியாயத்தின் 8ஆவது வசனம் இன்னும் வியப்பானது. இறைவனுக்கு இணை வைக்குமாறு பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோரின் செயலை அது இதே வினைச்சொல்லால் குறிக்கின்றது. அப்பெற்றோர் நடத்தியது ‘புனிதப் போரா’ என்பதற்கு நமது செய்தி ஆசிரியர்கள்தாம் விடை கூற வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இஸ்லாமியச் சட்ட நூல்களில் ஜிஹாத் எனும் அத்தியாயம் பெரும்பாலும் ஆயுதப் போரின் விதிகளையே பேசுகின்றது. குர்ஆனிலும் போர்க்களச் சூழலில் அச்சொல் வருகின்றது. இதனை அடியோடு மறுத்து, மனத்தோடு போராடுவதே ‘பெரிய ஜிஹாத்’ என்று கூறும் நபிமொழியொன்றை மேடைதோறும் எடுத்துக்காட்டுவோர், அது பலவீனமானது என ஹதீஸ் கலை அறிஞர்கள் தீர்ப்பளித்திருப்பதையும் கூற வேண்டும். உண்மையைப் பாதியாக்கித்தான் ஒரு சொல்லைக் காப்பாற்ற முடியும் என்பதில்லை.

இதே வேரின் மற்றொரு பிள்ளை ‘இஜ்திஹாத்’. மூலாதாரங்களிலிருந்து சட்ட முடிவொன்றைக் கண்டடைய அறிஞர் செலவிடும் அறிவு உழைப்பே அது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ, கி.பி. 820இல் மறைவதற்கு முன்னரே இதனை விரிவாக ஆராய்ந்தார். நேர்மையாக முயன்று தவறான தீர்ப்பை அடைந்த நீதிபதிக்கும் ஒரு நற்கூலி உண்டு என்கிறது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நபிமொழி. சிந்திக்கும் முயற்சியை இவ்வளவு உயர்த்திய ஒரு வேரை நாம் வெடிகுண்டோடு மட்டும் கட்டிப்போட்டிருக்கின்றோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2019 உயிர்த்த ஞாயிறு தினத்தில் 250க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட பாதகர்கள் அச்சொல்லுக்கு ஒரேயொரு பொருளைக் கற்பித்தார்கள். அதே பொருளைத்தான் நமது தலைப்புகளும் கற்பித்தன. அதன் விலை அடுத்த ஆண்டே தெரிந்தது. 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைக் கண்டு மனம் நொந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு சிந்தனை ரீதியான ஜிஹாத் செய்யும் நேரம் வந்துவிட்டது என்ற பொருள்பட முகநூலில் எழுதினார். பொலிஸார் அவரைக் கைது செய்தனர். ஐந்து மாதங்களுக்கும் மேலாக அவர் தடுத்து வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10 லட்சம் ரூபா நஷ்டஈடு வழங்குமாறு உத்தரவிட்டது. பேனா என்ற சொல்லும் அதே வாக்கியத்தில்தான் இருந்தது. ஆயினும் ஒரு சொல் மற்றெல்லாச் சொற்களையும் விழுங்கிவிட்டது. கைது செய்தது பொலிஸ்; அச்சொல்லை அவ்வளவு அச்சத்துக்குரியதாக்கியதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

தமிழருக்கு இதனை விளக்க அரபு அகராதிகூடத் தேவையில்லை. நமது ‘போராட்டம்’ என்ற சொல் ‘போர்’ என்பதிலிருந்தே பிறந்தது. உண்ணாவிரதப் போராட்டம் என்கின்றோம், வாழ்க்கைப் போராட்டம் என்கின்றோம், ஆயுதப் போராட்டம் என்றும் சொல்கின்றோம். 1961இல் வடக்கு, கிழக்குக் கச்சேரிகளின் முன்னால் அமர்ந்து நடத்தப்பட்ட சத்தியாக்கிரகத்தை அறப்போர் என்றுதான் அழைத்தோம். இவை அனைத்தையும் ‘யுத்தம்’ என்று ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்தால் நாம் கொதித்தெழ மாட்டோமா? நமது சொல்லுக்கு நாம் கோரும் நியாயத்தை அடுத்தவரின் சொல்லுக்கு மறுப்பது எந்த வகையில் அறம்?

ஆசிரிய பீடங்கள் செய்ய வேண்டியது எளிது. அடைப்புக்குறியையும் ‘புனிதப் போரையும்’ அகற்றுங்கள். பேசியவர் எதைச் செய்யச் சொன்னார் என்பதை எழுதுங்கள். ஆயுதம் ஏந்தச் சொன்னாரெனில் அதை ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். எழுதச் சொன்னாரெனில் எழுதச் சொன்னார் என்றே எழுதுங்கள். இதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்கும் அரபியில் ‘ஜுஹ்த்’ என்றுதான் பெயர்.