ஸ்டார்ட் பட்டனும் சில கடுப்புகளும்

மறுபடியும் விண்டோஸ் புலம்பல்தாங்க, மன்னிச்சுக்கோங்க. 1995-லேர்ந்து கை பழகின ஸ்டார்ட் பட்டனை 2012-ல விண்டோஸ் 8-ல தூக்கினாங்க. ஊரே திட்டினதும் 2013-ல பட்டன் திரும்ப வந்துச்சு. அழுத்தினா? அதே கட்டம் கட்டமான ஸ்க்ரீன்! மெனு முழுசா திரும்ப 2015 ஆச்சு.

சரி, புத்தி வந்துருச்சுன்னு பார்த்தா 2021-ல விண்டோஸ் 11. டாஸ்க்பார்ல ஃபைல் பேரையே காணோம். நாலு எக்ஸெல் திறந்தா நாலும் ஒரே ஐகானுக்குள்ள. எது லெட்ஜர், எது ட்ரயல் பேலன்ஸ்? அந்தப் பேரைத் திருப்பித் தர 2023 வரைக்கும் இழுத்தாங்க.

எங்க பி.காம். பாடத்துல, சரக்கை மதிப்பிடுற முறையை மாத்தினாலே காரணம் சொல்லணும், லாபத்துல எவ்வளவு வித்தியாசம்னும் காட்டணும். கோடிக்கணக்கான பேரோட கைப்பழக்கத்தை மாத்த மட்டும் "புதுசா, அழகா இருக்கு" போதுமா? பழசும் வேணும்னா இருக்கட்டும்னு ஒரு டிக் பாக்ஸ் வைக்க அவ்வளவு கஷ்டமாய்யா?