மோதலின் விலை

ஐஸ் ஹாக்கியில் ரப்பர் வட்டைத் தன்வசம் வைத்திருக்கும் வீரரைத் தோளால் மோதித் தடுக்க விதிகளே இடமளிக்கின்றன. ஆகவே, காயங்களை அடியோடு ஒழிக்க இயலாது. ஆனால், தவிர்க்கக்கூடிய காயங்களும் தொடர்வது ஏன்? விடை, வீரர்களின் குணத்தைவிட வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் வகுத்துள்ள தண்டனைக் கணக்கில்தான் இருக்கிறது.

2021 மே 3 அன்று நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பனித்தரையில் குப்புறக் கிடந்த பாவெல் புச்னெவிச்சை வாஷிங்டன் கேபிடல்ஸ் வீரர் டாம் வில்சன் குத்தினார். தொடர்ந்து ஆர்டெமி பனாரினைத் தரையில் வீழ்த்தினார். பனாரினால் அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் பங்கேற்க முடியவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 50 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்ற வில்சனுக்கு விதிக்கப்பட்ட அபராதமோ 5,000 டாலர், தடை எதுவுமில்லை. வீரர் பாதுகாப்புத் துறையின் தலைவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று அறிக்கை வெளியிட்ட ரேஞ்சர்ஸ் நிர்வாகத்துக்கு லீக் விதித்த அபராதம் 2,50,000 டாலர். அடித்தவர் செலுத்தியதைப்போல் ஐம்பது மடங்கு!

இரு நாள்கள் கழித்து அதே அணிகள் சந்தித்தபோது, முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஆறு சண்டைகள் மூண்டன. சட்டம் தண்டிக்கத் தவறும் இடத்தில் பழிவாங்கல் புகுந்துவிடுகிறது.

குற்றத்தால் கிட்டும் ஆதாயமும், பிடிபடும் வாய்ப்பும், தண்டனையின் கடுமையும் மனிதர்களின் முடிவுகளைத் தீர்மானிக்கின்றன என்று 1968-இல் விளக்கினார் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர். முரட்டு மோதலால் அணிக்கு ஆதாயம் உண்டு; இழப்போ அடிபட்டவரின் மூளைக்கு. இந்த ஏற்றத்தாழ்வை அற்ப அபராதம் சரிசெய்யாது.

தனிமனித விவேகத்தை நம்பியிருப்பதும் பயன்தராது. தலைக்கவசம் நல்லது என்றறிந்தும் ஐஸ் ஹாக்கி வீரர்கள் அதை அணியத் தயங்கியதை 1973-இல் ஆராய்ந்தார் தாமஸ் ஷெல்லிங். தான் மட்டும் அணிந்தால் ஆட்டத்தில் பின்தங்க நேரும், கோழை என்ற பெயரும் வரும். எல்லோருக்கும் கட்டாயம் என்றால் அந்தத் தயக்கம் மறைந்துவிடும். களத்தில் தலையில் அடிபட்டு பில் மாஸ்டர்டன் 1968-இல் இறந்தார். புதிய வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானதோ 1979-இல்தான்.

தலையைக் குறிவைக்கும் மோதல் பற்றிய விதியின் கதையும் இதுவே. 2010 மார்ச்சில் மாட் குக் மோதியதில் மார்க் சவார்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளானார். அன்றைய விதிகளின்படி அது குற்றமில்லை என்பதால் குக் தண்டிக்கப்படவில்லை. அதன் பிறகே தனி விதி பிறந்தது. மூளை அதிர்ச்சி தொடர்பாக முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், 2018-இல் 318 பேருக்காக 1.89 கோடி டாலர் சமரசத் தொகைக்கு லீக் இசைந்தது. பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை.

தண்டனையைக் கடுமையாக்கினால் ஆட்டம் சாரமிழக்கும் என்பர் சிலர். தலைக்கவசம் வந்ததால் ஆட்டம் அழிந்துவிடவில்லை. அபராதம் ஊதியத்தின் விகிதத்தில் அமைய வேண்டும். மோதலால் ஆதாயம் பெறும் அணியும் அதில் பங்கேற்க வேண்டும். அப்போதுதான், முரட்டு ஆட்டக்காரரைக் களமிறக்கும் முன் நிர்வாகமும் பயிற்சியாளரும் கணக்குப் பார்ப்பார்கள்.