இரும்பில் உயிர்வாழும் பாக்டீரியா: போர்வெல் தண்ணீர் சிவப்பது ஏன்?

போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால், மறுநாள் செம்பழுப்பாக அடியில் படிகிறதா? "இரும்புத் தண்ணி, அப்படித்தான் இருக்கும்" என்று கடந்துவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் தொட்டிச் சுவரில் வழவழப்பான படலமும் சேர்ந்து இருந்தால், அங்கே இரும்பு பாக்டீரியா குடியிருக்கலாம்.

இரும்பில் என்ன சாப்பாடு இருக்கிறது?

நாம் சோற்றில் உள்ள எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்குக் கடத்தித்தான் ஆற்றல் பெறுகிறோம். இவை அதே வேலையைத் தண்ணீரில் கரைந்த இரும்பை வைத்துச் செய்கின்றன. எலக்ட்ரானை இழந்த இரும்பு, துருவாகப் படிகிறது. ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880-களிலேயே இப்படிப்பட்ட உயிர்களை ஆராய்ந்தார். இரும்பில் கிடைக்கும் ஆற்றல் ரொம்பக் குறைவு. அதனால் கொஞ்சம் வளரவே நிறைய இரும்பு வேண்டும். குழாய் அடைத்துக்கொள்வது இதனால்தான்.

இன்னும் விசித்திரமான உயிர்களும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. பாறையில் உள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன்தான் அதன் ஆற்றல்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்கள் ஊருணியை நம்பி இருந்த காலம் மாறி, இன்று போர்வெல்லும் குழாயும் வந்துவிட்டன. இரும்பு பாக்டீரியா பொதுவாக நோய் தராது. ஆனால் அதன் படலம் குளோரினை வீணாக்கும். மற்ற கிருமிகளுக்கு மறைவிடம் தரும். படலத்துக்கு அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா வளர்ந்தால், அழுகிய முட்டை நாற்றம் வரும். இரும்புக் குழாயில் குழி விழும்.

இதை ஆராய்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் உருவாகி, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி 'சிக்ரி' நிலையம் உலோக அரிப்பு ஆய்வுக்குப் பேர்போனது. டீசல் கொண்டுபோகும் குழாயில் எடுத்த ஒரு பாக்டீரியா, டீசலைச் சிதைப்பதோடு குழாயின் அரிப்பையும் கூட்டுகிறது என்று இதன் விஞ்ஞானிகள் 2007-இல் எழுதினார்கள்.

என்ன செய்யணும்?

குழாயை மட்டும் மாற்றினால் காசுதான் போகும். கிணற்றில் இருக்கும் பாக்டீரியா புதுக்குழாயிலும் ஏறும். முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, போர்வெல்லுக்கே குளோரின் போட வேண்டும். திரும்ப வரும் என்பதால் இதை அவ்வப்போது செய்தாக வேண்டும். துளையிடும் கருவி வழியாகவும் பாக்டீரியா ஊர்விட்டு ஊர் போகும். அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் கொண்டுவருகிறது. போட்ட குழாயைக் காப்பதும் அரசின் வேலைதான். இரும்பின் அளவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சந்தேகம் உள்ள ஊர்களில் இரும்பு பாக்டீரியாவையும் சோதிக்க வேண்டும். போர்வெல் சுத்தம் செய்ய ஊராட்சிகளுக்குத் தனி நிதி வேண்டும். கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி இது.