கடலடியில் எவ்வளவு எரிவாயு? எண்களை நம்புவதற்கு முன்

"நமது கடலுக்கடியில் எரிவாயு குவிந்து கிடக்கிறது, எடுத்தால் நாட்டின் கடன் முழுவதும் தீர்ந்துவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வலம் வருகிறது. 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் காத்துக் கிடந்த மக்களுக்கு அது இனிக்கத்தான் செய்யும். சாதாரண தர வகுப்பில் ஒரு மாணவன், "சேர், எரியிற ஐஸும் இருக்காமே?" என்று கேட்டான். அவன் கேட்டது மெதேன் ஐதரேற்றைப் பற்றி. இது ஆழ்கடலின் குளிரிலும் அமுக்கத்திலும் நீர் மூலக்கூறுகளின் கூட்டுக்குள் மெதேன் சிறைப்பட்டு உருவாகும் திண்மம். ஒரு கன மீற்றர் ஐதரேற்றிலிருந்து சுமார் 160 கன மீற்றர் வாயு வெளிவரும்.

இருக்கிறது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதில்தான் சிக்கல். 1973இல் சோவியத் விஞ்ஞானிகள் உலகின் மொத்த இருப்பை சுமார் 30 இலட்சம் திரில்லியன் கன மீற்றர் என்றனர். 1988இல் அது ஏறத்தாழ 20,000 திரில்லியன் ஆனது. 2004இல் வெளிவந்த மீளாய்வு 1,000 முதல் 5,000 வரை என்றது. துளையிட்டுப் பார்க்கப் பார்க்க எண் சுருங்கியது! இந்தியா தன் கடலில் மட்டும் 1,894 திரில்லியன் இருப்பதாக நீண்டகாலமாகச் சொல்லி வருகிறது. உலகக் கணக்கோடு இதை ஒப்பிட்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காரணம் அளக்கும் முறை. கப்பலிலிருந்து ஒலி அலையை அனுப்பினால், கடற்தரைக்குச் சமாந்தரமாக ஒரு வலுவான தெறிப்பு தெரியும். ஐதரேற்று நிலைத்திருக்கக்கூடிய வலயத்தின் அடிப்பகுதியை அது காட்டுகிறது. ஆனால் அதன் கீழே சிறிதளவு வாயு இருந்தாலே தெறிப்பு வலுத்துவிடும். மேலேயுள்ள அடையலின் துளைகளில் எத்தனை வீதம் நிரம்பியுள்ளது என்பதை அது சொல்லாது.

2006இல் கிருஷ்ணா-கோதாவரி வடிநிலத்தில் நடந்தது நல்ல பாடம். அங்கு ஏறத்தாழ 130 மீற்றர் தடிப்பான ஐதரேற்றுப் படை கண்டுபிடிக்கப்பட்டது. மின்தடையை வைத்து வழமையான சமன்பாட்டில் கணித்தபோது செறிவு மிக உயர்வாக வந்தது. அமுக்கம் குறையாமல் மேலே கொண்டுவரப்பட்ட மாதிரிகளோ அதைவிட மிகக் குறைவாகவே காட்டின. ஐதரேற்று களிமண்ணின் செங்குத்தான வெடிப்புகளில் நின்றதால் கருவி கூட்டிக் காட்டியிருந்தது.

சரி, கணக்கு சரியாக வந்தாலும் எடுக்க முடியுமா? ஜப்பான் தனது கிழக்கு நன்காய் அகழிப் பகுதியில் 1.1 திரில்லியன் கன மீற்றர் இருப்பதாகக் கவனமாக மதிப்பிட்டது. 2013இல் எடுத்துப் பார்த்தது. ஆறாம் நாள் மணல் கிணற்றுக்குள் புகுந்து வேலை நின்றது. கிடைத்தது சுமார் 1,20,000 கன மீற்றர். சீனா 2017இலும் 2020இலும் இதைவிட அதிகம் எடுத்தது. ஆயினும் கடலடி ஐதரேற்றிலிருந்து இதுவரை எந்த நாடும் வர்த்தக உற்பத்தியை ஆரம்பிக்கவில்லை.

மன்னார் வடிநிலத்தில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் கண்டது ஐதரேற்று அல்ல, சாதாரண இயற்கை வாயு. எடுப்பதற்கு இலகுவானது அதுதான். அதைக்கூட எடுக்காமலேயே அந்நிறுவனம் வெளியேறிவிட்டது. அந்தக் கிணறுகளிலிருந்து இன்றுவரை ஒரு சிலிண்டர்கூட நம் அடுப்படிக்கு வந்ததில்லை.