டூக்கானின் தாயாதி

அயல்நாட்டுச் சித்திரப் புத்தகம் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் டூக்கான் என்னும் பக்ஷி பழக்கமானதே. கரிய தேகம், வெண்மையான கழுத்து, அதற்கு முன்னால் பெரிய செவ்வாழைப் பழத்தை ஒட்டவைத்தாற் போன்ற அலகு. "ஆனைமலைக் காட்டு இருவாட்சி என்பது இதுதானே?" என்று நம்மிடம் கேட்காத மாணவர் அரியர். கேள்வி நியாயமானதே, விடையோ "அன்று" என்பதாகும்.

டூக்கான்கள் மெக்ஸிகோவின் தென்பகுதி முதல் அர்ஜெண்டினாவின் வடபகுதி வரை, அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே வாழ்வன. அவற்றுள் பெரியதான டோக்கோ டூக்கான் ஏறக்குறைய இரண்டடி நீளம். அதில் மூன்றில் ஒரு பங்கு அலகே. இவ்வளவு பெரிய மூக்கைச் சுமந்து எவ்வாறு பறக்கிறது? நிறுத்துப் பார்த்தால் அது உடலெடையில் இருபதில் ஒரு பங்குதான். வெளியே நகம் போன்ற பொருளாலான மெல்லிய ஓடு, உள்ளே கடற்பஞ்சு போல் நுண்ணிய எலும்பு வலை, நடுவில் வெற்றிடம். கனம் தாங்காத கிளை நுனியிலுள்ள பழத்தை, இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பறிக்க இது உதவுகிறது. ஆனால் அதற்கு மட்டும் இத்தனை பெரிய கருவி வேண்டுமா? கனடா, பிரேஸில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உஷ்ணத்தைக் காட்டும் காமிராவைக் கொண்டு ஆராய்ந்து, 2009-ஆம் ஆண்டில் ஒரு விடையை வெளியிட்டார்கள். வெப்பம் மிகும்போது அலகிற்குச் செல்லும் இரத்தம் பெருகி, உடற்சூட்டை வெளியேற்றுகிறதாம். குளிர்ந்தால் இரத்தவோட்டம் குறைந்துவிடுகிறதாம். யானைக்குக் காது எப்படியோ, டூக்கானுக்கு மூக்கு அப்படி!

அது உறங்கும் விதமும் விசித்திரமானது. தலையைப் பின்னே திருப்பி அலகை முதுகின்மேல் கிடத்தி, வாலை முன்னே மடித்து அதன்மீது போர்த்திக்கொள்ளும். வாலடி எலும்புகளில் கிண்ணத்தில் பொருந்திய குண்டு போன்ற மூட்டு இருப்பதால்தான் வால் இப்படி மடிகிறது.

நிற்க. இருவாட்சியைப் பார்ப்போம். அதன் அலகின்மேல் மற்றொரு கொம்பு கவிழ்ந்திருக்கும். அலகின் பாரத்தைத் தாங்கவே போலும், கழுத்தின் முதலிரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்திருக்கின்றன. வேறெந்தப் பறவைக்கும் இவ்வமைப்பு இல்லை. பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு பிளவின் வழியே பழம் ஊட்டும். டூக்கானுக்கு இவ்வழக்கம் கிடையாது. காலைப் பார்த்தாலோ ஐயமே இல்லை. இருவாட்சிக்கு மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னும். டூக்கானுக்கு இரண்டு முன், இரண்டு பின். ஒரே தொழில் செய்வோர் ஒரே மாதிரி ஆயுதம் பிடிப்பதுபோல, பழம் தின்னும் வாழ்க்கை இரண்டிற்கும் ஒத்த மூக்கைத் தந்திருக்கிறது. இரத்த சம்பந்தம் இல்லை.

அப்படியானால் டூக்கானுக்கு நம் நாட்டில் உறவினரே இல்லையா? உண்டு, இங்கே மூலக்குளத்திலேயே உண்டு. வெயில் ஏறிய வேளையில் "டுக், டுக், டுக்" என்று ஓயாமல் ஒலிக்கும் குரலைக் கேட்டிருப்பீர்கள். செப்புப் பாத்திரம் தட்டுவது போல் இருப்பதால் ஆங்கிலேயர் அதற்குக் கன்னான் என்றே பெயரிட்டார்கள். நாம் குக்குறுவான் என்கிறோம். ஒரு சாண் நீளம்கூட இராது. பச்சை உடல், நெற்றியிலும் மார்பிலும் செந்திலகம், கண்ணைச் சுற்றி மஞ்சள். மூக்கு குட்டையானதுதான், ஆனால் காலில் அதே இரண்டும் இரண்டும். மரங்கொத்தியும், குக்குறுவானும், டூக்கானும் ஒரே வமிசத்தின் கிளைகள். அரசு, ஆல் முதலியவற்றின் பழமே அதற்கு உணவு. விதைகளைப் பரப்புவதும் அதுவே.

டூக்கானின் மெல்லிய அலகால் உறுதியான மரத்தைக் குடைய முடியாது; மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தையோ, இயற்கையாக அமைந்ததையோ தேடும். குக்குறுவானோ தானே குடைந்துகொள்ளும். ஆனால் அதற்குப் பட்டுப்போன, உளுத்த கிளை வேண்டும். நம் வீடுகளிலோ மழைக்கு முன்பே பட்ட கிளையையெல்லாம் கழித்துவிடுகிறோம். கூரைமேல் விழக்கூடியதை வெட்டத்தான் வேண்டும். கொல்லைக் கோடியில் ஒருவருக்கும் தீங்கின்றி நிற்கும் முருங்கைக் கிளை என்ன குற்றம் செய்தது? மரம் பச்சைப்பசேலென்று இருந்தால் போதும், பறவை வரும் என்று எண்ணுகிறோம். பழம் தின்ன வரும், குடியிருக்க இடமிராது.

மாசி, பங்குனியில் கூட்டைத் தேடுவோர் சாய்ந்த கிளையின் அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். மழைநீர் புகாதபடி வாயிலை அங்கேதான் வைத்திருக்கும். சிறிது நேரம் அசையாது நின்றால், வட்டத் துவாரத்தில் செந்நெற்றியும் மஞ்சள் கண்வளையமும் எட்டிப் பார்க்கும்.